ஆய்வகத் தட்டில் வெட்டுக்காயப் பூண்டு: எழுதப்படாத அறிவு யாருக்குச் சொந்தம்?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் பயிலும் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளில் மீண்டும் மீண்டும் தென்படும் ஒரு பொருள் உண்டு. ஏதேனும் ஒரு மூலிகையின் சாற்றுக்குப் பாக்டீரியாவை எதிர்க்கும் திறன் உள்ளதா எனச் சோதிப்பதே அது. இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை, செலவும் குறைவு, ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம். இத்தகைய ஆய்வேடுகளின் முன்னுரையில் ஏறத்தாழ மாறாத ஒரு வாக்கியமும் இடம்பெறும்: இத்தாவரத்தை உள்ளூர் மக்கள் காயங்களுக்கும் தோல் நோய்களுக்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர் என்பது.

அந்த உள்ளூர் மக்கள் யார்? சோதனைக்கு உட்படுத்திய பாக்டீரியாவின் முழுப்பெயரும் சேமிப்பு எண்ணும் ஆய்வேட்டில் இருக்கும். தாவரத்தின் இலத்தீன் பெயர் இருக்கும். கரைப்பானை விற்ற நிறுவனத்தின் பெயர்கூட இருக்கும். இந்தச் செடி காயத்தை ஆற்றும் என்று முதலில் சொன்னவருக்கு மட்டும் பெயர் இருக்காது. அவர் பெரும்பாலும் ஒரு பழங்குடி வைத்தியராகவோ, சேரியில் வாழும் விவசாயக் கூலிப் பெண்ணாகவோ, ஆடு மேய்ப்பவராகவோ இருப்பார். நம் மாணவர்களுள் பலருக்கு அவர் சொந்தப் பாட்டியாகவே இருப்பார்.

இது நன்றி நவிலல் பற்றிய சிக்கல் மட்டுமன்று. வாய்வழி அறிவு முதன்முதலாக எழுத்தில் ஏறும் இடமாகப் பல வேளைகளில் இந்த ஆய்வேடுகளே அமைகின்றன. எழுதப்பட்டதையே சான்றாக ஏற்கப் பழகிய ஒரு சட்ட அமைப்பில், அந்த ஒரு வரியை எப்படி எழுதுகிறோம் என்பது ஒரு சமூகத்தின் உரிமையைக் காக்கவும் கூடும், கைநழுவச் செய்யவும் கூடும். ஆகவே இச்சோதனை எதை மெய்ப்பிக்கிறது, எதை மெய்ப்பிப்பதில்லை என்பதையும், மெய்ப்பித்தபின் அந்த அறிவுக்குச் சட்டத்தில் என்ன நேர்கிறது என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

கடல் கடந்து வந்த செடி

எடுத்துக்காட்டாக வெட்டுக்காயப் பூண்டைக் கொள்வோம். டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். தாத்தாப்பூ, கிணற்றடிப் பூண்டு என்றும் வட்டாரந்தோறும் வழங்குவர். வரப்பிலும் சாலையோரத்திலும் புறம்போக்கிலும் தானாக முளைத்துப் படரும். நீண்ட காம்பின் நுனியில், நடுவே மஞ்சளும் ஓரத்தில் வெளிர்நிற இதழ்களுமாகச் சிறு பூவொன்று நிற்கும். கதிர் அறுக்கையில் அரிவாள் பட்டால், பக்கத்திலிருக்கும் இதன் இலையைப் பறித்துக் கசக்கிக் காயத்தில் சாற்றைப் பிழிவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரவலான வழக்கம்.

இச்செடி இந்த மண்ணுக்குரியதன்று. மெக்சிகோ முதல் தென்னமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிகள் வரையிலான நிலப்பரப்பே இதன் பிறப்பிடம். ஐரோப்பியக் கப்பல்கள் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சென்று திரும்பிய பின்னரே இது ஆசியாவுக்கு வந்திருக்க முடியும். எனவே 1492க்கு முந்தைய எந்தச் சுவடியும், அது சமற்கிருதமாயினும் தமிழாயினும், இந்தச் செடியைப் பேசியிருக்க வழியில்லை.

அப்படியானால் இங்கே இதன் பயனைக் கண்டறிந்தவர் யார்? ரிஷிகளோ அரசவைப் புலவர்களோ அல்லர். புதிதாக வந்த ஒரு களையைப் பார்த்து, கசக்கிப் பார்த்து, காயத்தில் வைத்துப் பார்த்து, பலன் கண்டு அடுத்தவருக்குச் சொன்னவர்கள் அரிவாள் பிடித்த மக்கள். நாட்டு மருத்துவ அறிவு தொன்மையிலேயே உறைந்துவிட்ட ஒன்று எனக் கருதுவோருக்கு இச்செடி நல்ல மறுமொழி. இந்த அறிவு ஓர் இயங்கும் அறிவு. கவனித்தலும் சோதித்தலும் கழித்தலும் இதன் உள்ளே உண்டு. காயம்படும் வேலை எவர் தலையில் சுமத்தப்பட்டதோ, அவரிடமே காயத்துக்கான மருந்தறிவும் திரண்டது.

தட்டில் நடப்பது என்ன?

இனி ஆய்வகத்துக்கு வருவோம். பரவலாகப் பின்பற்றப்படுவது வட்டு ஊடுபரவல் முறை. பாவர், கிர்பி முதலியோர் 1966இல் வெளியிட்ட கட்டுரைவழிச் செந்தரம் பெற்ற இம்முறை, நோயாளிக்கு எந்த ஆன்டிபயாட்டிக் பலிக்கும் என்று மருத்துவமனை ஆய்வகங்கள் கண்டறிவதற்காக உருவானது. அதையே மூலிகை ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் இலையை உலர்த்திப் பொடித்து, மெத்தனால், எத்தனால், நீர் போன்ற கரைப்பான் ஒன்றில் ஊறவைத்துச் சாறு எடுப்பர். கரைப்பானை ஆவியாக்கியபின் எஞ்சும் பசையைக் குறிப்பிட்ட அளவில் மீண்டும் கரைப்பர். மறுபுறம், மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி பாக்டீரியாக்கள் கொண்ட கலங்கலைத் தயாரித்து, முல்லர்-ஹின்டன் அகர் ஊற்றிய தட்டின்மீது சீராகப் பூசுவர். சாற்றில் தோய்த்த 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள காகித வட்டை அதன்மேல் வைத்து, 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் விட்டுவைப்பர். மறுநாள் தட்டு முழுவதும் பாக்டீரியா படர்ந்திருக்க, வட்டைச் சுற்றி மட்டும் ஒரு தெளிந்த வளையம் தென்பட்டால், சாற்றிலிருந்து பரவிய ஏதோவொன்று வளர்ச்சியைத் தடுத்திருக்கிறது என்று பொருள். அதுவே தடுப்பு வளையம். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையில் இடுவர்.

நேர்மையான சோதனையில் மேலும் இரண்டு வட்டுகள் இருக்க வேண்டும். ஒன்று வெறும் கரைப்பான் தோய்த்தது, பாக்டீரியாவைத் தடுத்தது கரைப்பானே அன்று என்பதை உறுதிசெய்ய. மற்றொன்று அறியப்பட்ட ஆன்டிபயாட்டிக் கொண்டது, சோதனை ஒழுங்காக நடக்கிறது என்பதை உறுதிசெய்ய. இவ்விரண்டும் இல்லாத தட்டில் தெரியும் வளையத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.

வளையம் சொல்லாதவை

வளையத்தைக் கண்டதும் இம்மூலிகை ஆன்டிபயாட்டிக்குக்கு நிகரானது என்று எழுதிவிடும் அவசரம் பல கட்டுரைகளில் உண்டு. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவுள்ள சாற்றில் 20 மைக்ரோலிட்டரை வட்டில் இட்டால், வட்டில் இருப்பது 2,000 மைக்ரோகிராம் பசை. பக்கத்திலுள்ள சிப்ரோஃபிளாக்சசின் வட்டில் இருப்பது 5 மைக்ரோகிராம் மருந்து. 400 மடங்கு எடை வேறுபாட்டை மறைத்துவிட்டு இரண்டு வளையங்களையும் ஒப்பிடுவது அறிவியலாகாது.

வளையத்தின் அளவு தடுப்பாற்றலை மட்டும் காட்டுவதில்லை, அப்பொருள் அகரில் எவ்வளவு எளிதில் பரவும் என்பதையும் காட்டுகிறது. நீரில் எளிதில் கரையாத, பெரிய மூலக்கூறுகள் நன்கு பரவா. ஆகவே ஆற்றலுள்ள சாறு சிறு வளையத்தையும், ஆற்றல் குறைந்த சாறு பெரிய வளையத்தையும் தரக்கூடும். இதனால்தான் அடுத்த படியாகக் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் கண்டறிய வேண்டும். 96 குழிகள் கொண்ட தட்டில் சாற்றைப் படிப்படியாகப் பாதி பாதியாக நீர்த்துப்போகச் செய்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு எது எனப் பார்க்கும் முறை இது. மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கும் குறைவான செறிவில் பலன் காட்டும் சாறே மேலாய்வுக்குரியது என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். 1,000 மைக்ரோகிராமுக்கு மேல்தான் பலன் தெரிகிறது என்றால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

வேறு பொறிகளும் உண்டு. பல இலைகளில் மிகுந்துள்ள டானின்கள் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. தட்டில் அவை பாக்டீரியாவைத் தடுக்கும், உடலுக்குள் அதே வேலையைச் செய்யும் என்பதற்கு உறுதியில்லை. மேலும், பிளீச்சிங் பவுடரும் வளையம் தரும். மனிதச் செல்லைச் சிதைக்காமல் பாக்டீரியாவை மட்டும் சிதைப்பதே மருந்து. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவற்றைத் தடுக்கும் பல சாறுகள், கூடுதல் வெளிச்சவ்வு கொண்ட இ.கோலை, சூடோமோனாஸ் ஆகியவற்றிடம் தோற்றுப்போவதும் வழக்கம்.

இந்த எச்சரிக்கைகளை ஏன் நாம் சொல்ல வேண்டும்? ஏனெனில் இதில் பணயமாக இருப்பது நம் உயிர். மருந்துக்கு மடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக 2022இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சாக்கடையிலும் குப்பைக் கிடங்கிலும் மருத்துவமனைக் கழிவறையிலும் வெறுங்கையோடு வேலை செய்ய நிர்ப்பந்திக்கப்படுபவர் யார் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது தரமான மருந்தும், திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும், பாதுகாப்பு உபகரணமும், அந்த வேலையிலிருந்தே விடுதலையும்தான். பாட்டி வைத்தியத்தைப் போற்றுவது அரசு மருத்துவத்தைக் கைவிடுவதற்கான சாக்காகிவிடக் கூடாது.

செய்முறையும் அறிவே

மறுபக்கமும் உண்டு. தட்டில் வளையம் வரவில்லை என்பதற்காக மக்கள் சொன்னது பொய் என்று முடிவுகட்டவும் முடியாது. வயலில் கசக்கிப் பிழிவது பச்சை இலை. ஆய்வகத்தில் சோதிப்பது உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் கொதிக்கவைத்த பசை. இரண்டும் ஒரே பொருள் அன்று. மேலும், காயம் ஆறுவது பாக்டீரியா சாவதால் மட்டும் நடப்பதன்று. குருதி உறைதல், வீக்கம் தணிதல், புதுத்திசு வளர்தல் என அதற்குப் பல வழிகள். அந்த வழிகள் எவையும் அகர் தட்டில் தெரியா. வெட்டுக்காயப் பூண்டு எலிகளில் காயத்தை எவ்வாறு ஆற்றுகிறது என்று 1980களிலிருந்தே இந்திய ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருவது இதனால்தான்.

செய்முறை எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சீனத்தின் தூ யூயூ கண்ட மலேரியா மருந்தே சான்று. பாக்டீரியா எதிர்ப்போடு தொடர்பற்ற மருந்தாயினும் பாடம் ஒன்றே. ஆர்ட்டிமீசியா செடியின் சாறு அவருடைய குழுவினரின் சோதனைகளில் ஒரு முறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் கே ஹோங் எழுதிய நூலில், செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு சொல்லியிருப்பதையும், காய்ச்சுமாறு சொல்லாததையும் அவர் கவனித்தார். வெப்பமே மருந்தைக் கெடுத்திருக்கலாம் என ஊகித்து, குறைந்த கொதிநிலை கொண்ட ஈதரில் சாறெடுத்தார். ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

தூ யூயூவுக்கு உதவியது ஒரு நூலின் ஒரு வரி. நம் ஊரில் அந்த வரி ஒரு மூதாட்டியின் வாயில் இருக்கும். வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும், இரும்பு படாமல் நசுக்க வேண்டும், உலர்ந்த இலை உதவாது என்று அவர் சொன்னால், அதை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடாமல் சோதிக்கத்தக்க கூற்றாகக் குறித்துக்கொள்வதே ஆய்வாளரின் கடமை. அது பொய்யாகவும் போகலாம். ஆனால் எந்தச் செடி என்று மட்டும் கேட்டுவிட்டு, எப்படி என்று கேளாமல் திரும்பும் ஆய்வாளர் பாதி அறிவை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

அச்சேறியதே அறிவு

இனிச் சட்டத்துக்கு வருவோம். மஞ்சளைக் காயத்துக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் அதை எதிர்த்தது. 1997இல் காப்புரிமை நீக்கப்பட்டது. அந்த வெற்றியை நாடே கொண்டாடியது.

அந்த வெற்றி எதைக் கொண்டு பெறப்பட்டது என்பதில்தான் நமக்குரிய பாடம் உள்ளது. குழுமம் முன்வைத்தவை 32 எழுத்துச் சான்றுகள். அவற்றுள் சமற்கிருத நூல் ஒன்றும், இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953இல் வெளிவந்த கட்டுரையும் அடங்கும். அன்றைய அமெரிக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் மக்கள் ஒன்றை அறிந்திருந்தார்கள், பயன்படுத்தினார்கள் என்பது மட்டும் போதாது. அது காப்புரிமை பெற்றதாகவோ அச்சில் வெளிவந்ததாகவோ இருக்க வேண்டும். கோடிக்கணக்கான தாய்மார்கள் மஞ்சள் அரைத்துப் பூசியது அச்சட்டத்தின் கண்ணில் சான்றாகவில்லை. மஞ்சளுக்கு ஏடு இருந்தது, மீண்டது. வாய்மொழியாக மட்டும் வாழும் அறிவுக்கு அன்று அந்த வாய்ப்பு இருந்திருக்காது. சட்டத்தின் அந்தப் பிரிவு 2011ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னரே மாறியது.

இதையொட்டி இந்திய அரசு 2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகமும் நூல்களையே அடிப்படையாகக் கொண்டது. சமற்கிருதம், அரபி, பாரசீகம், உருது, தமிழ் ஆகியவற்றிலுள்ள ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களின் குறிப்புகள் அதில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. பயனுள்ள பணிதான். ஆனால் எழுதவும் படிக்கவும் யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற கேள்வியை அந்த நூலகம் கேட்பதில்லை. எழுத்தறிவு சாதியின் காவலில் இருந்த ஒரு நாட்டில், எழுதப்பட்டதே அறிவு என்ற விதி நடுநிலையான விதி ஆகாது.

நம்மிடம் எழுத்தே இல்லை என்றும் கொள்ளலாகாது. அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏட்டறிவும் மருத்துவமும் ஒடுக்கப்பட்ட மக்களிடமும் இருந்தன என்பதற்கு அவர் வாழ்வே சான்று. மறைக்கப்பட்டது அறிவன்று, அறிவுக்கு உரியவரின் பெயர்.

2023 திருத்தம் வரைந்த கோடு

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டம், உயிர்வளங்களையும் அவை சார்ந்த அறிவையும் வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் அவற்றைக் காத்தவர்களோடு நேர்மையாகப் பயனைப் பகிர வேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்றது. இந்திய நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டவையா என்ற கேள்வி திவ்யா ஃபார்மசி வழக்கில் எழுந்தபோது, ஆம் என்று 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஐந்து ஆண்டுகளுக்குள் சட்டம் திருத்தப்பட்டது. 2023இல் நிறைவேறி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 7ஆம் பிரிவின் கடமைகளிலிருந்து நூல்வழித் தொகுக்கப்பட்ட மரபறிவுக்கும், பயிரிடப்பட்ட மூலிகைகளுக்கும் அவற்றிலிருந்து செய்யப்படும் பொருள்களுக்கும் விலக்கு அளித்தது. பயன்பெறும் உரிமையுடையோர் யார் என்ற வரையறையிலிருந்தும், இந்தியர்களைப் பொறுத்தவரை, நூல்வழித் தொகுக்கப்பட்ட அறிவு நீக்கப்பட்டது. சட்டத்தை மீறுவோருக்கு முன்பிருந்த ஐந்தாண்டுவரையிலான சிறைத்தண்டனையும் அகற்றப்பட்டு, பணத்தண்டம் மட்டும் எஞ்சியது.

நூல்வழித் தொகுக்கப்பட்ட மரபறிவு என்ற சொல்லுக்கு 2021இல் மசோதா வந்தபோது வரையறையே இல்லை என்ற விமர்சனம் எழுந்தது. எவ்வாறாயினும், அதிகாரபூர்வ மருத்துவ நூல்களின் பட்டியல் ஒன்று 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏற்கெனவே உண்டு. ஒரு செடியின் பயன் நூலிலும் இருக்கிறது, பழங்குடி வைத்தியரிடமும் இருக்கிறது என்றால் நிறுவனம் எதைச் சுட்டும்? நூலைத்தான் சுட்டும். நூலைச் சுட்டினால் பகிர வேண்டியதில்லை.

இங்கேதான் வெட்டுக்காயப் பூண்டு போன்றவற்றின் முக்கியத்துவம் தெரிகிறது. நூல்வழி அறிவு விலக்கப்பட்டபின், பயன் பகிர்வுக்கான உரிமை பெரிதும் எஞ்சியிருப்பது நூலில் ஏறாத வாய்வழி அறிவுக்கே. இதுநாள்வரை இழிவாகக் கருதப்பட்ட ஏடில்லாமை, இந்தச் சட்டத்தின்படி உரிமைக்கான அடித்தளமாகிறது. ஆனால் அந்த உரிமையைக் கோர வேண்டுமானால், இவ்வறிவு இந்தச் சமூகத்திடம், இந்த ஊரில், இந்தக் காலத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும். வாய்வழி அறிவுக்கு என்ன சான்று காட்டுவது?

காப்புரிமைச் சட்டம் இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அச்சட்டத்தின் 3(பி) பிரிவின்படி மரபறிவு காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்பாகாது. 25ஆம் பிரிவின்படி, இந்தியாவிலோ பிற இடங்களிலோ உள்ள உள்ளூர்ச் சமூகத்தில் வாய்மொழியாகவோ வேறு வகையிலோ இருந்த அறிவைக் காட்டி ஒரு காப்புரிமையை எதிர்க்கலாம். வாய்மொழி என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. எனினும், வாய்மொழியை நிறுவ ஏதேனும் ஒரு பதிவு தேவைப்படும். ஒரு மாணவரின் ஆய்வேட்டிலுள்ள அந்த ஒரு வரி அத்தகைய பதிவாக அமையக்கூடும். இன்ன ஊரில், இன்ன சமூகத்தைச் சேர்ந்த இன்னாரிடம், இன்ன நாளில் கேட்டறிந்தது என்று எழுதியிருந்தால் அது சான்று. உள்ளூர் மக்கள் என்று மட்டும் எழுதியிருந்தால், உரிமை கோருவதற்கு ஆளில்லாத சான்று.

காணிகளின் அனுபவம்

பெயர் சொன்னால் போதும், நீதி கிடைத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். அகத்தியமலைப் பகுதியில் வாழும் காணிப் பழங்குடியினர் 1987இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிச் சென்றபோது, களைப்பின்றி நடக்க அவர்கள் தின்ற ஆரோக்கியப்பச்சைக் கனிகளே ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தன. அதிலிருந்து கேரளத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் உற்பத்தி உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. அதற்காக 1997இல் அறக்கட்டளை ஒன்றும் பதிவானது.

உலகமே பாராட்டிய முன்மாதிரி இது. ஆயினும் மருந்து உருவாகி உரிமம் விற்கப்பட்ட பின்னரே பயனைப் பெறும் அமைப்பு உருவானது என்பதைக் கவனிக்க வேண்டும். தங்கள் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்பதைக் காணி வைத்தியர்கள் சிலர் எதிர்த்தனர். காட்டில் விளையும் செடியைப் பறிப்பதற்கும் வளர்த்து விற்பதற்கும் வனத்துறை தடையாக நின்றது. அறிவுக்குப் பங்கு உண்டு, நிலத்துக்கு உரிமை இல்லை என்றால், அந்தப் பங்கு வற்றிப்போகும் ஊற்றே.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(1)(கே) பிரிவில், பல்லுயிர் சார்ந்த மரபறிவின்மீதும் அறிவுசார் சொத்தின்மீதும் சமூக உரிமையை ஏற்றுள்ளது. ஆனால் காட்டோரம் வாழும் பட்டியல் சாதியினர் அச்சட்டத்தின்கீழ்ப் பிற மரபுவழி வனவாசிகளாகவே கருதப்படுவர். அவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பட்டா மறுக்கப்பட்ட மக்களிடமே 75 ஆண்டு ஆவணம் கேட்கப்படுகிறது.

வைத்தியரின் நிலையோ இன்னும் முரணானது. அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாதோர் மருத்துவத் தொழில் செய்ய முடியாது எனக் கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடர்ந்த வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளியின் பாதுகாப்பு என்ற நோக்கில் அதில் நியாயம் உண்டு. ஆனால் மருந்து கொடுத்தால் போலி மருத்துவர், தகவல் கொடுத்தால் உள்ளூர் மக்கள் என்ற நிலையில் அவரை நிறுத்திவிட்டு, அவரது அறிவை மட்டும் ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்வதில் எந்த நியாயமும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

மூலிகை ஆய்வில் ஈடுபடும் மாணவர்கள், கேட்பதற்கு முன்பே அனுமதி பெறவேண்டும். எதற்காகக் கேட்கிறோம், எங்கே வெளியிடுவோம், வெளியிட்டபின் எவரும் அதைப் படித்துப் பயன்படுத்தக்கூடும் என்பதைத் தமிழில் விளக்க வேண்டும். வெளியீடு இருமுனைக் கத்தி. அது பிறர் காப்புரிமை பெறுவதைத் தடுக்கும், அதே வேளையில் அறிவை ஊரறியச் செய்யும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முடிவெடுக்கும் உரிமை அறிவுடையோருக்கே உரியது. அவர் விரும்பினால் பெயரோடும், விரும்பாவிட்டால் ஊரும் சமூகமும் குறித்தும் பதிவுசெய்யுங்கள். உங்கள் பாட்டியிடம் கேட்டிருந்தால் பாட்டியின் பெயரை எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செடியின் ஒரு கிளையை உலர்த்தி உலர்தாவரத் தொகுப்பில் எண்ணோடு சேருங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகள் வழங்குவது இயல்பாதலால், எண் இல்லாத ஆய்வு எந்தச் செடியைப் பற்றியது என்றே பின்னர் உறுதிசெய்ய முடியாது. மக்கள் சொன்ன செய்முறையிலேயே ஒரு சாற்றையும், ஆய்வக முறையில் ஒரு சாற்றையும் எடுத்து இரண்டையும் சோதியுங்கள். வளையத்தோடு நில்லாமல் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவையும் கண்டறியுங்கள். பலிக்கவில்லை என்றால் பலிக்கவில்லை என்றே எழுதுங்கள். முடிவை நீங்கள் சென்று கேட்டவரிடம் திரும்பச் சென்று சொல்லுங்கள்.

செயற்பாட்டாளர்களுக்கும் வேலை உண்டு. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும் என்பது சட்டம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31ஐக் காலக்கெடுவாக விதித்தபின் நாடெங்கும் பதிவேடுகள் அவசரமாக நிரப்பப்பட்டன. உங்கள் ஊராட்சியின் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறுங்கள். ஊர்த்தெருவிலிருந்து மட்டும் தகவல் திரட்டினார்களா, சேரிக்கும் காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் வந்தார்களா என்று பாருங்கள். குழுவில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெயரளவில் இருக்கிறார்களா, பேசும் நிலையில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். விடுபட்டவற்றைக் கிராம சபைத் தீர்மானத்தின் வழியே சேர்க்கக் கோருங்கள். காட்டோரக் கிராமங்களில் வன உரிமைச் சட்டத்தின் சமூக உரிமைக் கோரிக்கையில் மரபறிவையும் சேர்த்தே மனுச் செய்யுங்கள்.

மரபணு வளங்களும் அவை சார்ந்த மரபறிவும் எங்கிருந்து வந்தவை என்பதைக் காப்புரிமை விண்ணப்பத்தில் வெளிப்படுத்துமாறு கோரும் உலக உடன்படிக்கை 2024 மே 24 அன்று ஜெனீவாவில் ஏற்கப்பட்டது. இனி வரும் ஆண்டுகளில் மூலம் எது என்ற கேள்வி அடிக்கடி கேட்கப்படும். அதற்கு விடையாக எந்தத் தாள் நீட்டப்படும் என்பது இன்று கல்லூரி ஆய்வகங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் எழுதப்படும் வரிகளைப் பொறுத்தது. அந்தத் தாளில் நம் மக்களின் பெயர் இருக்க வேண்டும்.